வாலில் ஒரு கண்

ஐந்து குஞ்சுகள்.
கொளத்தூர் கடையில் ஜோடி நூற்றெண்பது,
ஐந்தாவது கொசுறு.
காற்றடைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து
மன்னை எக்ஸ்பிரஸில் நீடாமங்கலம் வந்து இறங்கினேன்.
இரவெல்லாம் தொடைமேல்
அடித்துக்கொண்டே இருந்தது
யாருடையதோ நாடி.

ஈப்போவில் பதினோரு வருஷம்.
ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில்
மழை நின்று ஏரியாகிவிட்ட ஊர்.
ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கிடப்போம்,
நானும் பங்களாதேஷ்காரன் மொஃபிசுலும்.
கோல் வளைந்து கைமூட்டு வரை இழுக்கும்போது
பெர்மிட் இல்லை, முதலாளி இல்லை, வட்டி இல்லை.
பொன்மஞ்சள் உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை,
வாலடியில் வளையம் போட்ட கண் ஒன்று.
போகிற இடத்தை முகத்துக் கண் பார்க்கும்,
விட்டுவந்ததை இது பார்க்கும் என்பான் மொஃபிசுல்.
"இதுக்கும் இது ஊரில்லை" என்றான் ஒருநாள்.
"எவனோ கடல் தாண்டிக் கொண்டுவந்து விட்டது."
அன்றைக்குப் பிடித்ததை
ஒன்றும் பேசாமல் திரும்ப விட்டோம்.

ஊர் திரும்பியபோது மிச்சம்
ஒரு தூண்டில்கோல், வலது தோளில் வலி.

தொட்டியில் வளர்ந்தன.
அயிரை தின்று, கெண்டைக்குஞ்சு தின்று,
பிறகு ஒன்றையொன்று முறைத்து.
கண்ணாடியில் இடித்து மூக்கு புண்ணானது.
செங்கமலம் கேட்டாள்:
"அடைஞ்சு கெடக்கவா அவ்ளோ தூரம் வந்துச்சு?"
மீனைத்தான் கேட்டாளா
தெரியவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று
மூணாறு தலைப்புக்குத் தூக்கிப்போனேன்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என
ஒரே தண்ணீர் மூன்று பெயராகிற இடம்.
ஷட்டர் ஏற்றிக்கொண்டிருந்த லஸ்கர்
"என்ன மீனு?" என்றார்.
"மீனுதான்."
பக்கெட்டைச் சாய்த்தேன்.
மீன் ஐந்து, ஆறு மூன்று.
எது எதில் போயிற்று என்று நான் பார்க்கவில்லை.
வாலில் இருந்தவை
என்னைப் பார்த்தபடி போயின.

இரண்டு சம்பா போயிற்று.
தையில் அணையை மூடினார்கள்,
மாசியில் ஆறு மணல்.
குளம் ஏலம் எடுத்த அரங்கராசு
டீக்கடை டீக்கடையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்:
அறுபதாயிரம் குஞ்சு விட்டேன்,
வலையில வந்தது நாலு கூடை,
எவன் கண்ணு பட்டுச்சோ.

டீ ஆறிவிட்டது எனக்கு.

மதகடி மடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது.
மூன்றாவது எறியிலேயே பிடித்தது.
அதே இழுப்பு. கைமூட்டு தாண்டித் தோள் வரை.
சொல்ல வெட்கம்தான்,
சந்தோஷப்பட்டேன்.
கரைக்கு இழுத்தபோது பின்னாலேயே வந்தது
புகை மாதிரி ஒரு குஞ்சுக்கூட்டம்.
தாயோ தகப்பனோ,
காவல் இருந்திருக்கிறது.
முட்டியளவு தண்ணீரில் அதை ஏந்திக்கொண்டு நின்றேன்.
குஞ்சுகள் கொஞ்சநேரம் சுற்றித் தேடிவிட்டு
என் கால் நிழலில் வந்து ஒதுங்கின.

ஈப்போவில் விட்டதுபோல் விடலாம்.
மண்டையில் ஒரு தட்டு தட்டலாம்.
தட்டினேன்.
துண்டை விரித்துக் குஞ்சுகளை அள்ளினேன்,
அள்ள அள்ள இடுக்கில் வழிந்தன.
நாலு வீசலில் மூச்சு வாங்கியது.
மீதி மடுவில்தான் இருக்கிறது.

கடைத்தெருவில் மீன் வெட்டும் லூர்துமணி
செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
"மஞ்ச விராலா? நேத்துகூட
கோரையாத்துலேர்ந்து எட்டு வந்துச்சு.
முள்ளு கம்மி. கிலோ எரநூத்தம்பது."
"இது நம்மூரு மீனில்லம்மா. நான்தான்..."
"ஜிலேபி மட்டும் எந்தூராம்?"
செதில் தெறித்து என் சட்டையில் ஒட்டியது.
வயிற்றைக் கீறினாள்.
உள்ளே செரிக்காத ஜிலேபி ஒன்று,
அதன் வாயில் கொஞ்சம் பாசி.

எனக்குப் பின்னால் நின்ற அரங்கராசு
அரைக் கிலோ கேட்டான்.
"கொழம்புக்கு," என்றான்,
"வாலையும் சேத்துப் போடு."